உயிலுக்குப் புரோபேட் இனிக் கட்டாயமில்லை: அப்படியானால் யார், எப்போது நீதிமன்றம் போக வேண்டும்?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. காலாவதியான பழைய சட்டங்களை மொத்தமாக நீக்குவதே அதன் முக்கிய நோக்கம். அந்த நீண்ட பட்டியலோடு சேர்ந்து, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்த 213ஆவது பிரிவும் நீக்கப்பட்டது. சென்னை நகரத்துக்குள் எழுதப்பட்ட உயிலுக்கும், சென்னையிலுள்ள வீடு மனை குறித்த உயிலுக்கும் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) பெற்றே தீர வேண்டும் என்று இந்துக் குடும்பங்களைக் கட்டிப்போட்டிருந்த பிரிவு அது.

இதைக் கேள்விப்பட்ட பலர் "இனி உயில் இருந்தால் போதும், கோர்ட் படியேற வேண்டாம்" என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அது பாதிதான் சரி. கட்டாயம் போயிருக்கிறது, உயிலை நிரூபிக்கும் பொறுப்பு போகவில்லை. அந்தப் பொறுப்பு எந்த இடத்தில், யார் முன்னால், எவ்வளவு காலம் கழித்து வந்து நிற்கும் என்பது தெரியாமல் குடும்பங்கள் அசந்திருந்துவிடக் கூடாது. அதற்காகவே இந்த விளக்கம்.

ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று தாள்கள்

குழப்பத்தின் வேர் பெயர்களில் இருக்கிறது. வங்கியில் ஒன்று கேட்பார்கள், வீட்டில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எனவே முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. வாரிசு சான்றிதழ். இதை வட்டாட்சியர் தருகிறார். இறந்தவருக்கு உறவினர் யார் யார் என்று மட்டும் சொல்லும் தாள் இது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று இது சொல்லாது. சொத்து யாருடையது என்பதையும் தீர்மானிக்காது. இ-சேவை மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். உறவு முறையிலேயே தகராறு என்றால் வட்டாட்சியர் விலகிக்கொள்வார். உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

2. வாரிசுரிமைச் சான்றிதழ். 'சக்சஷன் சர்டிபிகேட்' என்று வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான். இது நீதிமன்றம் தருவது. வங்கி வைப்பு, பங்குகள், கடன் பத்திரங்கள், இறந்தவருக்குப் பிறர் தர வேண்டிய பணம் ஆகியவற்றுக்கு மட்டும் செல்லும். வீட்டுக்கும் நிலத்துக்கும் செல்லாது. 'ரிமை' என்ற இரண்டே எழுத்து வித்தியாசத்தில் இரண்டு வேறு அலுவலகங்கள், இரண்டு வேறு சட்ட விளைவுகள். அந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் ஏராளம்.

3. புரோபேட். உயில் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு எழும். நீதிமன்றம் உயிலைச் சோதித்து, "இது இவர் எழுதிய கடைசி உயில்தான்" என்று தன் முத்திரையிட்டுத் தரும் சான்றிட்ட நகல் இது. அதோடு சொத்தை நிர்வகிக்கும் அதிகாரமும் சேர்ந்து வரும். உயிலில் நிறைவேற்றுநர், அதாவது உயிலை நடைமுறைப்படுத்தும் பொறுப்பாளர், என்று பெயர் குறிப்பிடப்பட்டவருக்குத்தான் புரோபேட் கிடைக்கும். உயில் இருக்கிறது, ஆனால் நிறைவேற்றுநர் யாரும் நியமிக்கப்படவில்லை, அல்லது அவரும் இறந்துவிட்டார் என்றால், உயில் இணைக்கப்பட்ட நிர்வாக உரிமை ஆணையைக் கேட்க வேண்டும். வழக்கறிஞர்கள் பேச்சில் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்'.

நீக்கப்பட்ட பிரிவு என்ன செய்துகொண்டிருந்தது?

இதன் கதை 1870இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் செப்டம்பர் 1 முதல் வங்காளப் பகுதிக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் பொருந்தியது. ஆங்கிலேயர் ஆண்ட மாகாணத் தலைநகரங்களுக்கு ஒரு விதி, மற்ற ஊர்களுக்கு வேறு விதி. 1925 சட்டம் அந்தப் பாகுபாட்டை அப்படியே சுமந்துகொண்டது. புரோபேட் இல்லாவிட்டால், உயிலின்படி தனக்கு உரிமை உண்டு என்று எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்ட முடியாது என்பதே 213ஆவது பிரிவின் சாரம்.

விளைவு விசித்திரமாக இருந்தது. மதுரையில் வாழ்ந்து, மதுரை நிலத்துக்கு மதுரையிலேயே உயில் எழுதிய ஒரு இந்துவின் பிள்ளைகளுக்குப் புரோபேட் தேவையில்லை. அதே மனிதருக்குச் சென்னையில் ஒரு சிறு குடியிருப்பு இருந்து அதையும் உயிலில் சேர்த்திருந்தால் தேவை. முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது. இதன் செல்லுபடியை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் பிரிவை நிலைநிறுத்தியது. கடைசியில் நாடாளுமன்றமே அதை நீக்கிவிட்டது. ஊரையும் மதத்தையும் வைத்துப் பிரித்த ஒரு கட்டாயம் ஒன்றரை நூற்றாண்டு நீடித்ததே அதிகம். நீக்கியது சரியான முடிவு.

ஆனால் நீக்கப்பட்டது கட்டாயம் மட்டுமே. புரோபேட் கேட்கும் உரிமை, வழங்கும் நீதிமன்றத்தின் அதிகாரம், அதற்கான நடைமுறை எல்லாம் சட்டத்தில் அப்படியே இருக்கின்றன. ஏற்கெனவே மனு போட்டு நிலுவையில் வைத்திருப்பவர்கள், செய்தியைப் பார்த்த உற்சாகத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுவிட வேண்டாம். அடுத்து வரும் பகுதி அதற்கான காரணத்தைச் சொல்லும்.

கட்டாயம் இல்லையென்றால் ஏன் வாங்க வேண்டும்?

உயில் மற்றப் பத்திரங்களைப் போன்றதன்று. விற்பனைப் பத்திரத்தில் சந்தேகம் வந்தால் எழுதிக்கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் உயிரோடு இல்லை. அதனால்தான் சட்டம் உயிலுக்குக் கூடுதல் நிரூபணம் கேட்கிறது. எழுதியவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். உயில் பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இந்தத் தேவை மறைவதில்லை. "ரிஜிஸ்டர் செய்த உயில், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. மிகத் தவறானதும்கூட. உயிலைப் பதிவு செய்வது விருப்பத்துக்குட்பட்டது. அது உயிலுக்கு வலு சேர்க்கும். நிரூபணத்துக்கு மாற்றாக ஆகாது.

சாட்சிகளுக்கும் வயதாகிறது. உயில் எழுதிய ஆண்டில் அறுபது வயதாக இருந்த அண்டை வீட்டுக்காரர், இருபது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் வழக்குத் தொடுக்கும்போது இருப்பாரா? சாட்சிகள் இறந்துவிட்டால் அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையும், உயில் எழுதியவருடைய கையெழுத்தையும் அடையாளம் காட்டக்கூடிய வேறு ஆட்களைத் தேட வேண்டும். முடியாததன்று, ஆனால் கடினம். புரோபேட் இந்த நிரூபணத்தைச் சாட்சிகள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே முடித்துவைக்கிறது. அதோடு, அது வழக்கில் கட்சியாக இருந்தவர்களை மட்டுமல்லாமல் எல்லோரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அது ரத்தாகும்வரை, உயில் பொய் என்று வேறொரு வழக்கில் யாரும் வாதாட இயலாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த உயிலை எதிர்காலத்தில் யாராவது மறுக்க வாய்ப்பு இருக்கிறதா? கீழ்க்காணும் சூழல்களில் புரோபேட் வாங்கிவிடுவதே பாதுகாப்பு என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

1. ஒரு பிள்ளைக்கு அதிகமும் மற்றொரு பிள்ளைக்குக் குறைவாகவும், அல்லது ஒன்றுமே இல்லாமலும் உயில் அமைந்திருந்தால்.
2. உயிலால் பயன்பெறுபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்று செயல்பட்டிருந்தால். இதைச் 'சந்தேகத்துக்குரிய சூழ்நிலை' என்று நீதிமன்றங்கள் அழைக்கின்றன. அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 1958ஆம் ஆண்டிலேயே எச்.வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் தெளிவாக்கிவிட்டது.
3. எழுதியவர் நோய்ப்படுக்கையில் இருந்தபோது உயில் எழுதப்பட்டிருந்தால்.
4. சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகிறீர்கள், வாங்குபவரோ வங்கியோ புரோபேட் கேட்கிறார்கள் என்றால். சட்டம் கேட்காததை வங்கியின் சட்ட ஆலோசகர் கேட்கக்கூடும். அவரைக் குறை சொல்ல முடியாது.

குடும்பம் முழுவதும் உயிலை ஏற்றுக்கொள்கிறது என்றால் நிலைமை வேறு. எல்லா வாரிசுகளும் ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அல்லது விற்பனையின்போது அனைவரும் பத்திரத்தில் சேர்ந்துகொண்டால், பெரும்பாலான இடங்களில் வேலை நடந்துவிடும். ஒற்றுமை இருக்கும்போதே அதை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். இன்று தலையசைக்கும் அண்ணன் பத்து ஆண்டு கழித்து இல்லாமல் போகலாம். அவருடைய மருமகன் தலையசைக்க வேண்டுமென்ற அவசியமில்லை.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

சென்னை நகரத்துக்குள் என்றால் சென்னை உயர் நீதிமன்றம். மற்ற மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம். இறந்தவர் கடைசியாக எங்கே வாழ்ந்தார், சொத்து எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இடம் அமையும். படிகள் பின்வருமாறு:

1. ஆவணங்களைத் திரட்டுதல். மூல உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் பட்டியல், சொத்து விவரம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாமதித்தால் கூடுதல் அனுமதி பெற வேண்டிவரும். மூல உயிலை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிடுவீர்கள் என்பதால் தெளிவான நகல்களை முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

2. மனு. எப்போது இறந்தார், இதுதான் கடைசி உயில், முறைப்படி எழுதப்பட்டது, மனுதாரரே உயிலில் குறிப்பிட்ட நிறைவேற்றுநர், கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு இவ்வளவு: இவை மனுவில் இருக்க வேண்டும். உயில் சாட்சிகளில் ஒருவர் கிடைப்பாரென்றால் அவரும் உறுதிமொழியளிக்க வேண்டும். இறந்து ஏழு நாட்கள் கழியும்வரை புரோபேட் வழங்கக் கூடாது; நிர்வாக உரிமை ஆணைக்குப் பதினான்கு நாட்கள்.

3. உறவினருக்கு அறிவிப்பு. உயில் இல்லாதிருந்தால் யாருக்கெல்லாம் பங்கு வந்திருக்குமோ அவர்கள் அனைவருக்கும் அறிவிப்பு போகும். நாளிதழிலும் விளம்பரம் செய்யச் சொல்வது வழக்கம். சம்மதிப்பவர்கள் சம்மதப் பிரமாணப் பத்திரம் தந்துவிட்டால் மாதங்கள் மிச்சமாகும். பிடிக்காத உறவினரைப் பட்டியலில் விட்டுவிடும் தந்திரம் சிலருக்குத் தோன்றும். அதைப் போன்ற ஆபத்து வேறில்லை. அறிவிப்புக் கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காததே பின்னால் புரோபேட்டை ரத்து செய்யப் போதுமான காரணமாகிவிடும்.

4. எதிர்ப்பு. ஆட்சேபம் உள்ளவர் 'கேவியட்' என்னும் எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்யலாம். அப்போது மனு சாதாரண வழக்காக மாறும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்படி மாறும் மனுவுக்கு 'டி.ஓ.எஸ்.' (உயில் தொடர்பான உரிமையியல் வழக்கு) என்று புது எண் விழும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம் எல்லாம் நடக்கும். சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டியது ஆண்டுகளாக நீள்வது இந்தக் கட்டத்தில்தான்.

5. ஆணையும் கட்டணமும். சொத்து மதிப்பை ஒட்டியே நீதிமன்றக் கட்டணம் அமையும். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், வேறு மாநிலத்து உறவினர் சொன்ன தொகையை நம்பித் திட்டமிட வேண்டாம்.

6. ஆணைக்குப் பிறகு. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். புரோபேட் கைக்கு வந்தவுடன் வேலை முடிந்தது என்று இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு முக்கிய எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். புரோபேட் நீதிமன்றம் உயில் உண்மையானதா என்று மட்டுமே பார்க்கும். அந்த வீடு உண்மையில் இறந்தவருக்குச் சொந்தமா, பூர்வீகச் சொத்தா, தம்பிக்கும் அதில் பங்கு உண்டா என்பவற்றை அது முடிவு செய்யாது. அவற்றுக்குத் தனி வழக்கு. தன் பங்கையும் தாண்டி உயில் எழுதியவர்கள் விஷயத்தில், புரோபேட் கிடைத்த பிறகும் சொத்து கிடைக்காமல் போவது இதனால்தான்.

காலக்கெடுவும் உண்டு. புரோபேட் மனுவுக்கும் மூன்றாண்டுக் காலவரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் கூறியது. விண்ணப்பிக்கும் உரிமை எழும் நாளிலிருந்து அது கணக்கிடப்படும். இறந்த நாளே தொடக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் நீண்ட தாமதம் சந்தேகத்தை வரவழைக்கும். "இத்தனை நாள் இந்த உயில் எங்கே இருந்தது?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

உயில் இல்லாவிட்டால்

சட்டமே பங்கைப் பிரித்துவிடும். இந்து ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால், அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நால்வர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. இதில் பலரும் மறந்துபோவது தாயை. மகனை இழந்த அந்த முதியவளுக்கும் மனைவிக்கு உள்ள அதே பங்கு உண்டு. தந்தை இந்த முதல் வரிசையில் வரமாட்டார்.

தாயை மறப்பதில் நியாயக் குறைவும் இருக்கிறது, சட்டச் சிக்கலும் இருக்கிறது. பிரிக்காமல் விட்டுவைத்து, சில ஆண்டுகளில் அவரும் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன், தங்கை எல்லோரும் அந்த வீட்டில் பங்குதாரர் ஆகிவிடுவார்கள். நான்கு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியதற்குப் பத்துக் கையெழுத்து தேட வேண்டிவரும்.

கிறிஸ்தவர்களுக்கு, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டப்படி பங்கு. உயில் எழுதினாலும் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.

நாமினிக்கே சொந்தமா?

பெரும்பாலும் இல்லை. காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கைதான் நாமினி, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1983இல் சர்பதி தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. கம்பெனிப் பங்குகளுக்கும் அதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உறுதிசெய்தது. காப்பீட்டில் மட்டும் 2015இல் ஒரு மாற்றம் வந்தது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக வைத்தால் அவர்களே பயனுரிமை உடையவர்கள்.

உரிமை வேறு, பணம் கைக்கு வரும் வேகம் வேறு. வேகத்துக்கு நாமினி மிகவும் உதவுவார். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம். நாமினி இல்லாத கணக்குக்குக்கூட, தகராறு இல்லாதவரை, 15 லட்சம் ரூபாய் வரை வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்காமல் எளிய முறையில் தீர்க்கும்படி ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வங்கிகளுக்கு விதி வகுத்தது. கூட்டுறவு வங்கிகளுக்கு இந்த வரம்பு 5 லட்சம். வங்கிக் கிளையில் "கோர்ட் சான்றிதழ் கொண்டுவாருங்கள்" என்று சொன்னால், உடனே வழக்கறிஞரைத் தேடி ஓடாமல், எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம்.

கடன்கள் யார் தலையில்?

துக்க வீட்டுக்கே வந்து மிரட்டும் கடன்காரர்கள் இருப்பதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இறந்தவரின் கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. பிணையாகக் கையெழுத்திட்டிருந்தால் ஒழிய, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அடைக்க வேண்டியதில்லை. சொத்து வந்திருந்தால், பங்கு பிரிப்பதற்கு முன் கடனை அடைக்க வேண்டும். வரிசையையும் சட்டமே சொல்கிறது: முதலில் இறுதிச் சடங்கும் கடைசி நாட்களின் மருத்துவச் செலவும், பிறகு நீதிமன்ற நடைமுறைச் செலவு, அதன்பின், இறப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அவருக்கு உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் கூலி பாக்கி, பிறகே மற்றக் கடன்கள். வீட்டு வேலை செய்த பெண்ணின் சம்பளம் சாதாரணக் கைமாற்றுக் கடன்களுக்கு முன்னால் நிற்கிறது என்பதைப் பலர் அறியார்.

இறந்தவருக்கு வரி விதிக்கத்தக்க வருமானம் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கான கணக்கை வாரிசு ஒருவர் சட்டப் பிரதிநிதியாகப் பதிந்துகொண்டு தாக்கல் செய்ய வேண்டும். வாரிசாகச் சொத்து வருவதற்குத் தனி வரி கிடையாது. அதற்கிருந்த எஸ்டேட் வரி 1985இல் நீக்கப்பட்டது.

எங்கிருந்து தொடங்குவது?

1. சொத்துகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள்: வங்கி, காப்பீட்டு நிறுவனம், டீமேட் கணக்கு, சார்பதிவாளர் அலுவலகம்.
2. ஒவ்வோர் இடத்திலும் என்ன தாள் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.
3. உயில் இருக்கிறதா என்று பீரோவோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்திருக்கவும் வழி உண்டு. லாக்கரையும், வழக்கமான வழக்கறிஞரையும் கேளுங்கள்.
4. உயில் கிடைத்தால் சாட்சிகள் இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று அந்த வாரமே விசாரியுங்கள்.
5. வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். எந்த வழியில் போனாலும் இது தேவைப்படும்.
6. அதன்பின் வழக்கறிஞரிடம் செல்லுங்கள். பட்டியல் கையில் இருந்தால், புரோபேட் தேவையா, வாரிசுரிமைச் சான்றிதழ் போதுமா, இரண்டுமே வேண்டாமா என்பதற்கு அவரால் முதல் சந்திப்பிலேயே பதில் சொல்ல முடியும்.